பழையதையே போட்டுக் கொடுங்க, தம்பி

போன வாரமும் ஒரு கணினி. சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஒரு மொத்த வியாபாரக் கடை. கணக்கு பார்க்கும் அக்காவுக்கு விண்டோஸ் 11 பிடிக்கவில்லை. பழைய மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் இலவச மென்பொருள் என்று எங்கோ பார்த்து, இறக்கிப் போட்டுவிட்டார். திரை முழுக்க விளம்பரம். கடையின் வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே கணினியில்தான். இந்த மாதிரி கணினிகளைச் சுத்தம் செய்தே எனக்கு அலுத்துவிட்டது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மாறத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை.

ஆனால் "வயசாயிடுச்சு தம்பி, இனிமே நமக்கு வராது" என்கிறார்களே, அதைக் கேட்டால்தான் கோபம் வருகிறது. வயசு இல்லைங்க காரணம். இதே அக்கா பழைய கணினியில் விசைப்பலகையைப் பார்க்காமலே இன்வாய்ஸ் அடித்தவர். கண் பார்ப்பதற்குள் கை போய்விடும். ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்த பிறகும் மவுஸ் இடது மூலைக்கே ஓடுகிறது. வீடு மாறிய புதிதில், இருட்டில் கை பழைய சுவிட்சைத்தானே தேடும்? நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் வேகமாகச் செய்கிறாள் என்றால், அவளுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. உங்களுக்கு நிறைய இருக்கிறது. வேலையில் கெட்டிக்காரராக இருந்தவர்தான் இதில் அதிகம் திணறுவார்.

"காப்பி எங்கே போச்சு?" என்பதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. வலது கிளிக் செய்தால் வரும் கட், காப்பி சொற்களை எடுத்துவிட்டு, வெறும் குட்டிப் படங்களை வைத்தார்கள். அந்த வரிசை ஒரு நேரம் மேலே வரும், ஒரு நேரம் கீழே வரும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பில்தான் படத்தோடு பெயரையும் சேர்த்தார்கள். ஆக, குழம்பியது நீங்கள் மட்டும் இல்லை.

சரி, பழையது வேண்டுமென்றால் எதையும் இறக்க வேண்டாம். ஷிப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்யுங்கள், பழைய மெனு வரும். டாஸ்க்பார் செட்டிங்ஸில் ஸ்டார்ட் பட்டனை இடது பக்கம் தள்ளலாம். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி அப்படியேதான் இருக்கின்றன. திரையில் எச்சரிக்கை வந்து, இந்த எண்ணை அழையுங்கள் என்றால் அழைக்கவே கூடாது! சந்தேகமா, மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே வங்கி விவரத்தைக் கொடுத்துவிட்டீர்களா? முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், என்னை அப்புறம் கூப்பிடலாம்.

முதலாளிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜிஎஸ்டி கணக்குக் கட்டும் வாரத்தில் கணினியை மாற்றாதீர்கள். மாற்றிய பிறகு, கொஞ்ச நாள் அதில் வேலை செய்பவர் முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னும் முடியலையா?" என்று கேட்காமல் இருங்கள்.