கம்பிச் சுருள் இருந்தாலும் குழாய் நசுங்கும்

மயக்க நிலையில் இருக்கும் நோயாளி மூச்சுவிட, வாய் வழியாகத் தொண்டைக்குள் செலுத்தும் செயற்கை மூச்சுக்குழாய் ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உள்விட்டம் 8 மில்லிமீட்டர். சுவருக்குள் எஃகுக் கம்பிச் சுருள் ஓடும் ஃபிளெக்ஸோமெட்டாலிக் வகை. அதன் 22 சென்டிமீட்டர் குறிக்குச் சற்று அருகில், மேலும் கீழுமாக இரண்டு பல் தடங்கள் பதிந்திருக்கின்றன. வட்டமாக இருக்க வேண்டிய துளை அந்த இடத்தில் ஒரு கீற்றாகக் குறுகியிருக்கிறது. சளியையும் எச்சிலையும் உறிஞ்சும் மெல்லிய குழாயான 12-ஆம் எண் சக்ஷன் கதீட்டரை மேலிருந்து விட்டால் அங்கே போய் நின்றுவிடுகிறது; எவ்வளவு அழுத்தினாலும் கீழே இறங்குவதில்லை.

அந்தக் குழாயைக் கடித்தவர் இருபதுகளில் இருந்த, நல்ல உடற்கட்டுள்ள ஓர் இளைஞர். சென்னையில் ஒரு மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து, குப்புறப் படுத்திருந்தவரை மல்லாக்கத் திருப்பி, மயக்கத்தைக் குறைத்துக்கொண்டிருந்தோம். வாயில் ஊறியிருந்த எச்சிலை உறிஞ்சி எடுப்பதற்காக, பற்களுக்கு இடையே வைத்திருந்த துணிச் சுருளை எடுத்தார்கள். எடுத்தவர்கள் திரும்ப வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று நான் கேட்டபோது, பல ஆண்டு அனுபவமுள்ள டெக்னீஷியன் சொன்ன பதில் இது: "கம்பி போட்ட டியூப்தானே மேடம், கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் இளைஞர் தாடையை இறுக்கிவிட்டார். வெளிமூச்சின் கரியமில வாயுவைத் திரையில் காட்டும் கேப்னோகிராஃபில் அலை மறைந்து கோடு நேரானது. கழுத்துக்குழி உள்வாங்கியது, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தது, ஆனால் ஒரு துளி காற்றும் உள்ளே போகவில்லை. குழாயைச் சுற்றி மூச்சுக்குழலை அடைத்து நிற்கும் சிறு பலூனான கஃபைக் காற்றிறக்கி, புரோபஃபால் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து, தாடை தளர்ந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் பல் விலகிய பிறகும் குழாய் விரியவில்லை. அதை உருவி எடுத்து, முகமூடி வழியாக ஆக்சிஜன் கொடுத்தபோது, வாயிலிருந்து இளஞ்சிவப்பு நுரை வந்தது. அடைத்த குழாயோடு போராடி மூச்சிழுத்ததில் நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினார். ஓராண்டுக்குள் நான் நேரில் பார்க்கும் மூன்றாவது நிகழ்வு இது. மூன்றிலும் எனக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே: கம்பி இருக்கிறதே, எப்படி நசுங்கும்?

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஒரு சாதாரண பி.வி.சி. குழாயைக் கையில் எடுத்து நன்றாக வளைத்தால், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் மடிவதுபோல ஓரிடத்தில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கம்பிச் சுருள் உள்ள குழாயை முடிச்சுப் போடும் அளவுக்கு வளைத்தாலும் துளை திறந்தே இருக்கும். விற்பனைப் பிரதிநிதிகளும் இப்படி வளைத்துத்தான் காட்டுகிறார்கள். பார்த்தவர்கள் மனத்தில் "இது எதற்கும் அசையாது" என்று பதிந்துவிடுகிறது. வளைப்பது ஒன்று, பக்கவாட்டில் கடிப்பது முற்றிலும் வேறொன்று என்பதை அந்தச் செய்முறை மறைத்துவிடுகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றி உள்ளே இருக்கும் சுருள்வில்லை எடுங்கள். நீளவாக்கில் அழுத்தினால் துள்ளித் திரும்பும். வளைத்தால் வளைந்து நிமிரும். இப்போது அதே வில்லை ஒரு குறட்டின் வாயில் வைத்துப் பக்கவாட்டில் ஒரே ஒரு முறை நெரியுங்கள். அது தட்டையாகிவிடும், குறட்டை எடுத்த பிறகும் தட்டையாகவே இருக்கும். எஃகுக் கம்பி தன் மீட்சி எல்லையைத் தாண்டி வளைந்துவிட்டால் அதன் பிறகு பழைய வடிவத்துக்கு வராது. மூச்சுக்குழாயின் சுவருக்குள் இருப்பதும் அதே போன்ற கம்பிதான். வளர்ந்த ஒருவரின் கடைவாய்ப் பற்கள், 50 கிலோ எடையை வைத்து அழுத்தினால் எவ்வளவோ அவ்வளவு விசையையும் அதற்கு மேலும் கொடுக்க வல்லவை. மயக்கத்திலிருந்து பாதி விழித்த நிலையில், வலியும் குழப்பமும் சேர்ந்து இறுகும் தாடைக்கு அளவு தெரியாது.

இங்கேதான் சாதாரணக் குழாய்க்கும் கம்பிக் குழாய்க்கும் உள்ள, நம்மில் பலர் எண்ணிப் பார்க்காத வேறுபாடு இருக்கிறது. பி.வி.சி. குழாயை ஒருவர் கடித்தால் அது சுலபமாக நசுங்கும், ஆனால் தாடை தளர்ந்ததும் பெரும்பாலும் விரிந்துகொள்ளும். கம்பிக் குழாய் கடியைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் ஒருமுறை தோற்றுவிட்டால் நசுங்கியபடியே நின்றுவிடும். ஆகவே துணிச் சுருள் போன்ற கடிதடுப்பு எந்தக் குழாய்க்கு மிகவும் தேவை என்று கேட்டால், கம்பி போட்ட குழாய்க்குத்தான் என்பதே விடை. நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

சென்னையில் மருத்துவக் கருவி வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் சிலர், வளையக்கூடிய, ஆனால் நசுங்காத வாய்வழி மூச்சுக்குழாய் ஒன்றை உருவாக்க விரும்பி என்னிடம் வந்து பேசுவதுண்டு. அவர்களுடைய ஆர்வம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் கொண்டுவரும் மாதிரிகள் பெரும்பாலும் வளைவை மட்டுமே எதிரியாக நினைத்துச் செய்யப்பட்டிருக்கின்றன. உள்ளிழுக்கும் அழுத்தத்தையும் கடியையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது அரிது.

உள்ளிழுக்கும் அழுத்தத்தைப் புரிந்துகொள்ளத் தெருவில் நிற்கும் தண்ணீர் லாரியைப் பார்த்தாலே போதும். தொட்டியிலிருந்து வீட்டுச் சம்புக்குத் தண்ணீரைத் தள்ளுவதற்குத் தட்டையாகச் சுருட்டி வைக்கும் கேன்வாஸ் குழாய் போதுமானது. உள்ளே இருக்கும் அழுத்தமே அதை விரித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கிணற்றிலிருந்து உறிஞ்சி எடுக்கும் குழாயில் வரிவரியாகச் சுருள் ஓடும், ஏனெனில் உறிஞ்சும்போது வெளிக்காற்று குழாயின் சுவரை உள்நோக்கி நெருக்குகிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை வந்த பிறகு காகிதக் குழலில் இளநீர் குடித்தவர்கள், ஊறிய குழல் ஓர் இழுப்பில் ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்பார்கள். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது மூச்சுக்குழாய் முதல் வகை. நோயாளி தானாக மூச்சிழுக்கும் கணத்தில் அதுவே இரண்டாம் வகை. அழுத்தத்தை நீர்மட்டத்தின் உயரத்தால் அளப்பது வழக்கம்; அமைதியான மூச்சில் சில சென்டிமீட்டர் நீர்மட்ட அளவே இருக்கும் அந்த இழுப்பு, அடைத்த குழாயோடு போராடும் ஆரோக்கியமான இளைஞரிடம் 100 சென்டிமீட்டரை எட்டும், தாண்டவும் செய்யும். நமது மூச்சுக்குழலிலேயே 16 முதல் 20 வரையிலான குருத்தெலும்பு வளைவுகள் அமைந்திருப்பதும் இந்த இழுப்பைத் தாங்கத்தான்.

சுவரைத் தடிமனாக்கிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். மெல்லிய குழாய் ஒன்று வெளியழுத்தத்தில் ஒடுங்காமல் நிற்கும் திறன், சுவர்த் தடிமனுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பாதியானால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். அந்தப் பக்கம் கணக்கு தடித்த சுவருக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல்வளை அனுமதிக்கும் வெளிவிட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. தடிமன் கூடக்கூடத் துளை சுருங்கும். சீரான ஓட்டத்தில் மூச்சின் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதமாக ஏறுவதால், ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகிவிடும். தடித்த சுவருக்குப் பதிலாகச் சுருளை நாடியதன் காரணமே இதுதான்.

சுருளின் இடைவெளி அடுத்த சிக்கல். சுற்றுகள் தள்ளித் தள்ளி இருந்தால் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே குழாய் மடிகிறது. மிக நெருக்கினால் குழாய் விறைத்துப்போய், வளைப்பதற்காகவே செய்த பொருள் வளையாமல் போகிறது. சுருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 15 மில்லிமீட்டர் கனெக்டருக்கும் சுருளின் தொடக்கத்துக்கும் இடையே விரல் நக அகலம் வெறும் சுவர் இருந்தால், வென்டிலேட்டரிலிருந்து வந்து அந்தக் கனெக்டரில் மாட்டும் பாரமான மூச்சுச் சுற்றுக்குழாய் தொங்கும்போது மடிவது சரியாக அந்த இடத்தில்தான். மாணவர்களின் மாதிரியில் நான் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இன்னொன்று வெப்பநிலை. 24 டிகிரிக்குக் குளிரூட்டிய ஆய்வகத்தில் கம்பீரமாக நிற்கும் பி.வி.சி. குழாய், 37 டிகிரி தொண்டைக்குள் கால் மணி நேரத்தில் இளகிவிடும். அறுவை சிகிச்சை தொடங்கும்போது சரியாக இருந்த குழாய் ஒரு மணி நேரம் கழித்துத் தொண்டை வளைவில் மடிவதை மயக்கவியல் மருத்துவர்கள் அறிவார்கள். ஆகவே சோதனையை உடல் சூட்டு நீரில் ஊறவைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். வளைத்த நிலையில் உள்ளே ஓர் எஃகுக் குண்டை உருட்டிவிட்டு அது மறுமுனையில் விழுகிறதா என்று பாருங்கள்; கண்ணால் பார்த்து "திறந்திருக்கிறது" என்று எழுதிக்கொண்டு வராதீர்கள்.

கடிக்கு வருவோம். எஃகுக்குப் பதில், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியைப் போட்டால் தீர்ந்தது என்பது இப்போது அடிக்கடி கேட்கும் யோசனை. நிட்டினால் அருமையான உலோகம். 8 விழுக்காடு வரை நீட்சி அடைந்தும் பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடியது. ஆனால் நசுங்காமல் இருப்பதும் நசுங்கியபின் மீள்வதும் ஒன்றல்ல. பற்கள் இறுகியிருக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்களும் குழாய் அடைத்தேதான் இருக்கும். நுரையீரலில் நீர் கோப்பதற்கு அவ்வளவு நேரமே போதும். மீளும் கம்பி நல்லதுதான், வேண்டியதுதான். அதற்கு முன்னால், பல்வரிசைக்கு நேராக வரும் நான்கைந்து சென்டிமீட்டர் பகுதி கடியை நேரடியாகத் தாங்க வேண்டும். அதைத் தாண்டிய பகுதி மட்டும் வளைந்து கொடுத்தால் போதும்.

இது புதிய சிந்தனையன்று. மயக்கவியல் மருத்துவர் ஆர்தர் கெடல் 1933-இல் தன் வாய்வழி ஏர்வேயை, அதாவது நாக்கு பின்சரிந்து தொண்டையை அடைக்காதபடி வாயில் வைக்கும் வளைந்த குழாயை, ரப்பரில் அறிமுகப்படுத்தினார். பழைய ரப்பர் ஏர்வேக்களின் கடிவாய்ப் பகுதியில் உலோகச் செருகு ஒன்று இருக்கும். தொண்டைக்கு மென்மை, பல்லுக்கு உறுதி. இன்றைய பிளாஸ்டிக் கெடல் ஏர்வேயிலும் பல் படும் இடம் தனியாகக் கெட்டியாகத்தான் இருக்கிறது. மாணவர்கள் தங்கள் குழாயை வரைவதற்கு முன், ஒரு கெடல் ஏர்வேயை நீளவாக்கில் அறுத்துப் பார்ப்பது நல்லது. கூடவே ஓர் எச்சரிக்கை: உறுதி என்ற பெயரில் முழு உலோக வளையம் வைத்தால் உடைவது பல்லாக இருக்கும். முன்பற்கள் நேர்க்கடிக்குப் பழகியவை அல்ல; கிரீடம் எனப்படும் செயற்கை உறை பொருத்திய பற்கள் பெயர்ந்து மூச்சுக்குழலுக்குள் விழுந்தால் அது வேறொரு பேரிடர். உள்ளே உறுதியும் மேலே மெத்தென்ற உறையும் சேர்ந்து, பாரம் கடைவாய்ப் பற்களில் விழும்படி அமைக்க வேண்டும்.

மறுபயன்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்பிக் குழாய் விலை கூடியது என்பதால், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய குழாயைக் கழுவி, கிருமி நீக்கி மீண்டும் மீண்டும் போடும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இப்படிச் செய்யும்போது சுருளைப் பொதிந்திருக்கும் உள் அடுக்கும் வெளி அடுக்கும் பிரிந்துகொள்கின்றன. பிரிந்த இடத்தில் காற்றுக் குமிழி தங்குகிறது. மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அது அந்தக் குமிழிக்குள் ஊடுருவி, உள் அடுக்கை ஒரு பலூன்போல ஊதி, துளையை உள்ளிருந்தே அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் புத்தம்புதிதாகத் தெரியும். உறையின்மேல் வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் குறுக்குக் கோட்டால் அடித்திருப்பதற்குப் பொருள், இரண்டாம் முறை கூடாது என்பது மட்டுமே. செலவை மிச்சப்படுத்த வேறு எத்தனையோ வழிகள் இருக்கின்றன.

இளைய மருத்துவர்களும் அறுவை சிகிச்சைத் தியேட்டர் பணியாளர்களும் இதைக் கட்டாயம் மனத்தில் கொள்ள வேண்டும். காஸ் துணியை இறுகச் சுருட்டி, கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்து, வெளியே தெரியும்படி ஒட்டுங்கள். குழாய் வெளியே வரும்வரை துணிச் சுருளும் வெளியே வரக் கூடாது. எச்சிலை உறிஞ்ச அதைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை, பக்கவாட்டில் கதீட்டர் போகும். கடித்துவிட்டால் விரலை வாய்க்குள் விடாதீர்கள், இடுக்கியால் நெம்பாதீர்கள். கஃபைக் காற்றிறக்குங்கள், குழாயைச் சுற்றிக் கொஞ்சம் காற்றாவது போகும். உடனே மயக்கத்தை ஆழப்படுத்துங்கள், தேவையானால் தசையைத் தளர்த்தும் மருந்தான சக்ஸமெத்தோனியம் கொடுங்கள். தாடை தளர்ந்ததும் கதீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். இறங்கவில்லையென்றால் அந்தக் குழாயை நம்பி ஒரு நொடியும் காத்திருக்காதீர்கள்.

நோயாளியின் வீட்டாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை வாயில துணிய வச்சு அடைச்சிருக்கீங்களே டாக்டரம்மா, எடுத்துடச் சொல்லுங்க" என்று அழுதிருக்கிறார். அம்மா, அது வாயை அடைக்க வைத்தது அல்ல. உங்கள் பிள்ளையின் மூச்சு அடைபடாமல் இருக்க வைத்தது. பார்க்கச் சங்கடமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அதை எடுத்துவிடும்படி செவிலியரை வற்புறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பு எங்களைச் சந்திக்கும்போது, ஆடும் பல், பொய்ப்பல், கிரீடம், தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் எதுவாக இருந்தாலும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

மாணவர்கள் அடுத்த மாதிரியோடு வரும்போது, 37 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பற்களின் அச்சில் செய்த தாடைக்கு இடையே வைத்து நெரித்து, அதன் பிறகு கொண்டு வாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த இளைஞர் கடித்த குழாயையும் 12-ஆம் எண் கதீட்டரையும் மேசைமேல் எடுத்து வைக்கிறேன்.