சித்திரை வெயிலும் ஆனியில் நிற்காத சினையும்

சென்ற ஆனிக் கடைசியில் மூலனூர்ப் பக்கம் ஒரு பட்டிக்குப் போயிருந்தேன். பட்டிக்காரர் தம் மேச்சேரி இனச் செம்மறிக் கிடாயைப் பிடித்து நிறுத்தி, "போன வருசம் வரைக்கும் தப்பாதுங்க டாக்டர், இந்தத் தடவை ஒரு ஆடும் சினை நிக்கலைங்க, கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டிரலாமுங்களா?" என்று கேட்டார். கிடாய் நன்றாகத் தின்றது. ஆடுகளின் மேல் ஏறவும் செய்தது. விதைப்பையைப் பிடித்துப் பார்த்தேன். அழுத்தினால் எதிர்த்து நிற்க வேண்டிய விதைகள் இரண்டும் பழுத்த சப்போட்டாவைப் போல நெகிழ்ந்திருந்தன. கொறங்காட்டில், அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்தில், பெட்டை ஆடுகள் வெள்வேல மர நிழலில் ஒதுங்கிய கத்திரி வெயில் நாட்களில், கிடாய் மட்டும் பகலெல்லாம் தகரக் கொட்டகைக்குள் கட்டிக் கிடந்திருக்கிறது.

உடல் சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருந்தால்தான் விதைகளில் நல்ல விந்தணு உருவாகும். வெயிலில் விதை சூடேறும்போது அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது, ஆனால் இரத்த ஓட்டம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இதனால் பெருகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள், நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த விந்தணுச் சவ்வை அரித்துவிடுகின்றன. கிடாயில் ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ 60 நாள் ஆகும் என்பதால், சித்திரையில் பட்ட சூடு ஆனியிலும் பேசும். பூச்சிக்காளைக்கு, அதாவது பொலிகாளைக்கு, இன்னும் சில நாள் கூடும்.

ஊசி கேட்டார், போடவில்லை. வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் மூன்றும் இந்த அரிப்பைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் காப்புக்கு வேண்டியவை. பசுந்தீவனத்தில் வைட்டமின் ஈ தாராளமாக உண்டு. வெயிலில் காய்ந்த சோளத்தட்டிலும் கொழுக்கட்டைப் புல்லிலும் அது பெரும்பாலும் போய்விடுகிறது. கோடையில் இங்கே கிடாய்க்குக் கிடைப்பதோ காய்ந்த தட்டுதான். ஆகவே, பங்குனியிலேயே அகத்தி, வேலிமசால் போன்ற பசுந்தழையையும் அளவான தாது உப்புக் கலவையையும் தொடங்கிவிட வேண்டும். செலினியத்தைத் தனியே வாங்கி, கை போன போக்கில் போடக்கூடாது. தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இடைவெளி குறைவு. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் இல்லாத கொட்டகையில் எந்தக் கலவையும் பாதி வேலைகூடச் செய்யாது என்பது என் அனுபவம்.

கிடாயைச் சந்தைக்கு ஓட்ட வேண்டாமென்று சொல்லி, இரண்டு மாதம் சேர்க்கையை நிறுத்தச் சொன்னேன். ஆவணிக் கடைசியில் போனபோது தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்திருந்தது, விதைகளும் இறுகியிருந்தன. மறுபடி சேர்த்த ஆடுகளில் பாதிக்குமேல் ஐப்பசியில் சினை உறுதியாயிற்று.