எரர் பேஜ்: பிழைப் பக்கமும் காணாப் பக்கமும்

கேட்ட கோப்பைத் தர முடியாதபோது இணையதளத்தின் சர்வர் அனுப்பும் மாற்றுப் பக்கம்தான் எரர் பேஜ். அதோடு மூன்று இலக்க எண் ஒன்றும் போகும். 4-இல் தொடங்கினால் கோளாறு கேட்டவரிடம், 5-இல் தொடங்கினால் சர்வரிடம். 404 என்றால் அந்த முகவரியில் எதுவும் இல்லை என்று பொருள். வலை பிறந்த செர்ன் ஆய்வகத்தின் 404-ஆம் எண் அறையிலிருந்து வந்த பெயர் என்பது வெறும் கட்டுக்கதை.

எரர் என்பதன் வேர் லத்தீன் 'எர்ராரே': அலைதல், வழி தவறுதல். தமிழில் வழு, பிழை இரண்டும் இந்தப் பொருளுக்கு நெருங்கி வருகின்றன. வழு, வழுவுதலில் பிறந்த இலக்கணச் சொல். கணினியில் 'பக்' (நிரல் கோளாறு) என்பதற்கு அதைப் பலரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே பொதுப்பெயராகப் பிழைப் பக்கம் போதும். 403 (அனுமதி இல்லை), 500 (சர்வர் கோளாறு) எல்லாம் அதில் அடங்கும். 404-க்கு மட்டும் காணாப் பக்கம் என்பது கச்சிதம். 'பக்கம் காணப்படவில்லை' என்பது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது.

ஆனால் இவை தளம் அமைக்கும் நமக்குள் பேசும் பெயர்கள். வந்தவர் கண்ணில் 'பிழை' படவேண்டாம். ராமேஸ்வரத்து லாட்ஜ் ஒன்று பழைய வாடகைப் பட்டியலை எடுத்துவிட்டது. கூகுளில் அந்த இணைப்பைத் தொட்டு வந்தவர் என்ன பிழை செய்தார்? "இந்தப் பக்கம் இப்போது இங்கே இல்லை" என்று எழுதி, கீழே புதிய வாடகை, தொலைபேசி எண், முகப்பு இணைப்பு மூன்றையும் கொடுங்கள்.

அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் வேலை ஒரே வரி. புள்ளியில் தொடங்கும் எச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் எரர்டாக்குமென்ட், இடைவெளி, 404, இடைவெளி, பிறகு உங்கள் பக்கத்தின் பாதை. பாதை சாய்கோட்டில் தொடங்க வேண்டும். எச்டிடிபி-யோடு முழு முகவரியைப் போட்டால் அப்பாச்சி 302, அதாவது 'வேறு முகவரிக்குப் போ' என்று திருப்பிவிடும்; 404 தொலைந்துபோகும். பக்கம் இருப்பதாகவே தேடுபொறி எடுத்துக்கொள்ளும். இதைத்தான் சாஃப்ட் 404 என்கிறார்கள். போலிப் பக்கம் எனலாம். இன்னொரு சர்வர் மென்பொருளான எஞ்சின்எக்ஸில் எரர்_பேஜ் வரியில் சமக்குறியும் 200-உம் ('சரி, பக்கம் இதோ' என்ற எண்) சேர்ப்பவர்களுக்கும் இதே கதி. அப்பாச்சியில் வரியை எழுதியும் பழைய பக்கமே வந்தால், எச்டிஆக்சஸ் கோப்புக்கு அனுமதி தரும் அலவ்ஓவர்ரைடு அமைப்பு சர்வரில் அடைத்திருக்கும். அதில் ஃபைல்இன்ஃபோ அனுமதி தரவேண்டும்.

காணாப் பக்கம் எந்த ஆழத்து முகவரியிலும் தோன்றும். எனவே அதிலுள்ள படம், சிஎஸ்எஸ் (பக்க அலங்காரக் கோப்பு) பாதைகளும் சாய்கோட்டிலேயே தொடங்கட்டும். இல்லாவிட்டால் உள் கோப்புறை முகவரிகளில் பக்கம் அலங்கோலமாகத் தெரியும். கடைசியாக, இல்லாத முகவரி ஒன்றைத் தட்டி, உலாவியின் நெட்வொர்க் பகுதியில் 404 வருகிறதா என்று பாருங்கள்.

எல்லா இல்லாமையும் 404 அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதற்காக மண்டபத்து மீன் கடைக்காரர் தன் பக்கங்களை அழிக்கக்கூடாது. "தற்போது வரத்து இல்லை" என்று எழுதி 200-லேயே விடவேண்டும். இடம் மாறிய பக்கத்துக்கு 301, திரும்பாத பக்கத்துக்கு 410.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. 'கொடுவா' என்ற மீன் பெயரில் உள்ள ஒகரக் குறியை, எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. பழைய மேக் கணினிகள் பிரித்தே சேமிக்கும். அதிலிருந்து ஏற்றிய கோப்பு சர்வரில் கண்முன்னே இருந்தும் 404 வருவது இதனால்தான். சேர்த்தெழுதும் வடிவத்துக்குப் பெயரை மாற்றி ஏற்றினால் சரியாகிவிடும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயர் வைத்துவிட்டு, தலைப்பைத் தமிழில் எழுதுவது இன்னும் நிம்மதி.