கம்பனிக்கு ட்ரெயினிங் போகும் கம்பஸ் பிள்ளைகளுக்கு

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து கம்பஸுக்குப் போன பிள்ளை ஒருநாள் வீட்டுக்குக் கோல் எடுத்து, "அடுத்த செமஸ்டர் கொழும்பில சொப்ட்வெயார் கம்பனி ஒண்டில ட்ரெயினிங்" என்று சொன்னால், வீட்டில் முதலில் கேட்பது "சம்பளம் எவ்வளவு?" என்றுதான். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் பிள்ளையே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பயிற்சிக்கு எத்தனை கிரெடிட்?

பட்டம், டிப்ளோமா போன்றவற்றின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, சாதாரணப் பாடம் ஒன்றில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். விரிவுரை, வீட்டில் படிப்பது, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். கைத்தொழில் பயிற்சிக்கு இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கே ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணிநேரம். ஆய்வுக்கும் அதே 100தான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். பயிற்சிக்கு 6 கிரெடிட் என்றால் 600 மணிநேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணிநேரம் என்றால் 15 வாரம். மாதத்துக்கு ஒரு போயா லீவு வரும், இடையில் தீபாவளிக்கோ தைப்பொங்கலுக்கோ ஊருக்கு வந்து போக வேண்டும், மழைக்காலத்தில் மலையில் மண் சரிந்தால் ரயிலும் ஓடாது. ஆகவே பதினைந்து வாரத்தைச் சரியாக எண்ணி போர்டிங் எடுத்தால் கடைசியில் கணக்கு இடிக்கும். இரண்டு மூன்று வாரம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் பயிற்சிக்குப் போகிறோம் என்பது படிப்பைப் பொறுத்தது. பேராதனை போன்ற இடங்களில் பொறியியல் படிக்கிறவர்களின் பயிற்சியில் நைட்டாவுக்குப் பங்குண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையைத்தான் எல்லோரும் நைட்டா என்கிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் பயிலுநர் சபையாகத் தொடங்கி, 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இப்போதைய உருவத்துக்கு வந்தது. ஊவா வெல்லஸ்ஸ போன்ற பல்கலைக்கழகங்களில் கணினிப் பட்டம் படிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் துறையே ஒழுங்கு செய்யும், இல்லாவிட்டால் மாணவரே சீவியை அனுப்பி இன்டர்வியூவுக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும். பதுளையிலும் கண்டியிலும் உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமா படிக்கிறவர்களுக்கும் பயிற்சிக்காலம் படிப்பின் ஒரு பகுதிதான். கம்பனி ஆறு மாதம் கேட்கும், கம்பஸ் நான்கு மாதம்தான் விடும். இந்த இழுபறி அடிக்கடி வரும். கம்பஸ் கடிதத்தில் உள்ள திகதிகளைக் கம்பனிக்கு முதலிலேயே காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இனி காசு. பயிற்சிக்காரருக்குத் தருவதைப் பொதுவாகக் கொடுப்பனவு என்றே கடிதத்தில் எழுதுவார்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கடிதத்தில் "ஊழியர்" என்றும் "சம்பளம்" என்றும் இருந்தால் ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்க வேண்டும்: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், கம்பனி தன் பையிலிருந்து 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 சதவீதம். பயிற்சி முடிந்து அதே கம்பனி வேலைக்கு எடுத்துக்கொண்டால், முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். கொடுப்பனவே இல்லாத பயிற்சியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளவத்தை போர்டிங் வாடகையையும் மூன்று வேளைச் சாப்பாட்டையும் கொழுந்துச் சம்பளத்தில் கொடுக்கும் வீட்டுக்கு அது பெரிய சுமை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பனி சொன்னால் நல்லதுதான். ஆனால் லயத்தில் சிக்னல் இல்லாமல் தேயிலை மலை உச்சிக்கு லப்டொப்புடன் ஏறுகிற நிலைமை என்றால், அதை முதல் வாரமே மேற்பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மீட்டிங்கைத் தவறவிட்டால் சோம்பேறி என்றுதான் நினைப்பார்கள்.

அப்புறம், பலரும் யோசிக்காமல் கையெழுத்துப் போடும் இடம்: இறுதியாண்டு புரொஜெக்டை கம்பனிக்காகவே செய்வது. எழுதுகிற கோட் யாருக்குச் சொந்தம்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் ஒரு படைப்பாகவே பார்க்கிறது. எழுதியவருக்கே முதலில் உரிமை. ஆனால் ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாத பட்சத்தில், அதை விற்கவும் பிரதி செய்யவும் உள்ள பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். "இதைச் செய்து தா" என்று ஒருவர் ஒப்படைத்த வேலைக்கும் அதே விதிதான். பயிற்சி மாணவர் ஊழியரா இல்லையா என்பதில் வாதாட இடமிருக்கிறது. அதனால்தான் கம்பனிகள் முதல் நாளிலேயே "நான் எழுதுவதெல்லாம் கம்பனிக்கு" என்று ஒரு தாளில் கையொப்பம் வாங்கிவிடுகின்றன. அது ஒன்றும் சதியில்லை, அவர்களுடைய வழமை. ஆனால் அதே கோட்டை வைத்து ஆய்வறிக்கை எழுதி, லெக்சரர் முன் டெமோ காட்டி, நூலகத்தில் பிரதி வைக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே "பட்டத் தேவைக்காக அறிக்கையிலும் சமர்ப்பணத்திலும் பயன்படுத்தலாம்" என்ற ஒரு வரியைச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒப்பந்தத்தை மேற்பார்வை செய்யும் லெக்சரரிடமும் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கம்பனிக்குப் போகாது. இதை எழுதியவர் நான் என்று பெயர் போடச் சொல்லும் தார்மீக உரிமை, பொருளாதார உரிமையைக் கொடுத்த பிறகும் எழுதியவரிடமே இருக்கும். உயிரோடு இருக்கும்வரை அதை வேறொருவருக்கு மாற்றவும் முடியாது.

அறிக்கையில் வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் எதுவும் வரக்கூடாது. 2022இலிருந்து தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது பொய்த் தரவுகளை நிரப்பி எடுங்கள்.

நைட்டா, தொழில் திணைக்களம் போன்ற அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். அரசியலமைப்பு தந்த உரிமை அது. தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தில் கிடந்து ஒரு வாரம் கழித்துக் கைக்கு வருவது நம் பக்கத்தில் புதிதில்லை. அதனால் நியமனக் கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்பச் சொல்லுங்கள்.

பயிற்சியில் செய்த வேலையைப் பதியும் தினக்குறிப்புப் புத்தகத்தை அன்றன்றே எழுதி, வாராவாரம் மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கிவிடுங்கள். சொப்ட்வெயார் கம்பனிகளில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். நான்கு மாதத்தையும் சேர்த்து முடிவில் கையெழுத்து வாங்கலாம் என்று விட்டுவைத்தால், உங்களைப் பார்த்த மேற்பார்வையாளர் அதற்குள் மெல்பேர்னில் இருக்கக்கூடும்.