நான்கு மணி நேர நடை, நான்கு நிமிட ஆட்டம்

வெள்ளி விலை ஏறினாலும் தூக்கம் போகிறது, இறங்கினாலும் போகிறது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை நடத்துபவர்கள் மருத்துவரான என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. கையில் போன், போனில் வெள்ளி ரேட். சாப்பிடும்போதும் அதைத்தான் பார்க்கிறார்கள், நடுராத்திரியில் விழிப்பு வந்தாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். லாரி வைத்திருப்பவருக்கு டீசலும் தவணையும், ஜவ்வரிசி ஆலைக்காரருக்குக் கிழங்கு விலை. ஆளுக்கொரு காரணம் இருந்தாலும் என் முன்னால் வந்து உட்காரும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "படபடன்னு வருதுங்க, தூக்கமே இல்லைங்க."

அறுபதை நெருங்கும் ஒரு பட்டறை முதலாளி, பல வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுபவர், பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. மகன் நண்பர்களோடு கோல்ஃப் ஆடப் போனபோது அப்பாவையும் கூட்டிப்போயிருக்கிறார். "நான் ஒன்னும் ஆடலைங்க டாக்டர். அவங்க பின்னாடியே நடந்தேன். போனை வண்டியிலேயே வெச்சுட்டு வரச் சொல்லிட்டான். அன்னிக்கு ராத்திரி படுத்ததுதான் தெரியும்."

ஆடாமலே கிடைத்த அந்தத் தூக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். மட்டையால் அடித்து அடித்தே பந்தை ஒவ்வொரு குழியிலும் விழவைக்க வேண்டும். முழுவதையும் நடந்தே சுற்றினால் 8 முதல் 10 கிலோமீட்டர் வரும், நான்கு மணி நேரம் போல ஆகும். மட்டையைச் சுழற்றிப் பந்தை அடிப்பதற்கு இரண்டு வினாடிகூட ஆகாது. சுமாரான ஆட்டக்காரர் 100 முறை அடித்தாலும் அடிக்கிற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் நான்கு நிமிடம் தேறாது. மற்ற நேரமெல்லாம் புல்வெளியில் நடை, தூரத்துப் பார்வை, கொஞ்சம் பேச்சு.

மனஅழுத்தம் வரும்போது உடம்பு அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ மோதவோ உடம்பு செய்துகொள்ளும் ஆயத்தம் இது. ஆபத்து விலகியதும் எல்லாம் தணிந்துவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடி வெள்ளி ரேட்டைப் பார்ப்பவருக்கு ஓட்டமும் இல்லை, தணிவும் இல்லை. அடுத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி ஒரு எண். நீண்ட நடை அந்த ஆயத்தத்தைச் செலவழிக்க வழி செய்கிறது. கண்ணுக்கும் அப்படித்தான்: கிட்டத்தில் பார்க்கும்போது இறுகும் கண்ணின் உள்தசை, தூரத்தில் போகும் பந்தைப் பார்க்கும்போது தளர்கிறது.

இந்த ஆட்டத்தின் விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இருந்தது. 2019-இல் அதை 3 நிமிடமாகக் குறைத்தார்கள். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே போய் வேறு பந்தை அடிக்க வேண்டும். போன மாதம் வராமல் போன பணத்தையே நாள் முழுக்க அசைபோடும் மனதுக்கு இப்படி ஒரு கெடு அவசியம் தேவை.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் சுமார் 3 லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்து 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயதும் வசதியும் ஒத்த மற்றவர்களைவிட இவர்களில் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆட்டம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே ஆடவே வருகிறார்கள்! பசுமையின் பங்கைப் பற்றி 1984-இல் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட சிறிய ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

வசதி இருக்கிறது, ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ போய் ஆடலாம் என்றால் தாராளமாக ஆடுங்கள். ஆனால் பேட்டரி வண்டியில் குழிக்குக் குழி போனால் நடையில் பெரும்பகுதி போய்விடும். பந்தயம் கட்டி ஆடினால், மைதானத்திலேயே வியாபாரம் பேசினால், பட்டறையைத் தூக்கிக்கொண்டு போன மாதிரிதான். ஆட்டம் முடிந்து மது அருந்தும் கூடத்துக்குப் 'பத்தொன்பதாவது குழி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான்கு மணி நேரம் நடந்து சம்பாதித்ததை அந்தக் குழியில் போட்டுவிட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும். மது முதலில் கண்ணைச் சொக்கவைக்கும், பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும், பி.பி.யையும் ஏற்றும். இந்த ஆட்டத்தில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகு. உடம்பைத் தளர்த்தும் பயிற்சி செய்யாமல் மட்டையை எடுக்காதீர்கள்.

ஆட முடியாதவர்களுக்கு நான் சொல்வது ஏற்காடு. அதுவும் வாரநாளில். சனி, ஞாயிறுகளில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஹாரன் சத்தத்தோடு ஏறிப் போய், ஏரிக்கரையில் கூட்டத்தோடு படம் எடுத்துவிட்டு இறங்கினால் அலுப்புதான் மிஞ்சும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அதற்காகவே வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறும் மிளகுக் கொடிகளும் ஊருக்கு வெளியே சாலையோரத்தை இன்றும் குளிர்ச்சியாக வைத்திருக்கின்றன. கோடை மழை பெய்து காப்பி பூக்கும் சமயத்தில் போனால் மல்லிகை போன்ற வாசனை கூடவே வரும். பொதுச்சாலையிலேயே நடங்கள், தோட்டங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம். காட்டுமாடு நடமாட்டம் உள்ள மலை என்பதால் வெளிச்சம் வந்த பிறகு துணையோடு போவது நல்லது.

மலைக்குப் போக முடியாத வாரங்களில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம், போன் வீட்டில். ஆரம்பத்தில் கை தானாகச் சட்டைப் பையைத் தேடும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. வாரம் மூன்று காலை போனாலே அதற்குள் வந்துவிடும். வேலை தேங்கிப்போகும் என்று பயப்படுகிறவர்களிடம், பட்டறை ஆளுக்கோ மகனுக்கோ அந்த ஒரு மணி நேரப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். பிள்ளைகள் பொறுப்பாகவே பார்த்துக்கொள்கிறார்கள் என்பது பல அப்பாக்களுக்கு அப்போதுதான் தெரிகிறது.

நாற்பதைத் தாண்டியவர்கள், சுகரோ பி.பி.யோ இருப்பவர்கள், நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். பி.பி. இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே 108-ஐ அழையுங்கள். நடந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, உயிர்மேல் வெறுப்பு என்று இருந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் வரை பொறுக்கவே கூடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும், இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.