காற்சட்டையின் நீளம் யாருடைய விருப்பம்?

தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களில் ஹட்டனிலுள்ள எனது தையற்கடைக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி புதிய தையல் அல்ல. வாங்கி வந்த டெனிம்களையும் பருத்திக் காற்சட்டைகளையும் கால் நீளம் குறைத்துக் கொடுப்பதுதான். 1977இல் இலங்கையில் திறந்த பொருளாதாரம் வந்து, ஏற்றுமதிக்காகத் தைக்கும் ஆடைத் தொழிற்சாலைகள் நாட்டில் பெருகிய பின்னர், அங்கே மிஞ்சிய உடுப்புகள் நமது கடைவீதிகளுக்கும் வரத் தொடங்கின. அவற்றிற் பல வெளிநாட்டவரின் உயரத்துக்கு வெட்டப்பட்டவை. இடுப்புப் பட்டியில் 32, 34 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதலாவது இடுப்பளவு, இரண்டாவது கவட்டிலிருந்து கீழ்விளிம்பு வரையுள்ள உட்கால் நீளம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவருக்கு அந்த 34 அங்குலம் நான்கைந்து அங்குலம் கூடுதலாக இருக்கும். இடுப்பளவை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, நீளத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தோட்டத்திலிருந்து ஒரு தந்தை, கொழும்பில் வேலை செய்யும் தமது மகனின் புதிய டெனிமைக் கொண்டுவந்தார். மகன் பண்டிகைக்கு முதல்நாள் இரவுதான் வருவான் என்பதால், அளவுக்கு அவனுடைய பழைய காற்சட்டை ஒன்றையும் தந்தார். நான் பழையதன் இடுப்பிலிருந்து அடிவரை வெளிப்பக்கமாக அளந்து, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். பழையது இடுப்பெலும்பில் நிற்கும் தாழ்ந்த வெட்டு என்பதையும், புதியது தொப்புளை நெருங்கும் உயர்ந்த வெட்டு என்பதையும் நான் கவனிக்கவில்லை. ஆகவே உட்கால் ஒன்றரை அங்குலம் குறைந்துவிட்டது. முதற்சலவையில் மேலும் முக்கால் அங்குலம் சுருங்கியது. பூட்ஸின் மீது துணி விழவேண்டும் என்று விரும்பிய அந்தத் தம்பி, பண்டிகை முடிந்து கடைக்கு வந்து, "கட்டையாப் போச்சே அண்ணே" என்று மட்டும் சொன்னார். உள்ளே விட்டிருந்த மடிப்பு அரை அங்குலம்தான். அதைப் பிரித்தும் பயனில்லை. அணியப்போகிறவரை ஒரு சொல்லும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்தது முற்றிலும் என் தவறு.

சாதாரண உடுப்பில் இதுதான் சரியான நீளம் என்று ஒன்று கிடையாது. சப்பாத்தின் மேல் துணி மடிந்து கிடப்பதைச் சிலர் விரும்புகிறார்கள்; சப்பாத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்பதைச் சிலர் கேட்கிறார்கள்; கணுக்கால் எலும்பு தெரியவேண்டும் என்று இளையவர்கள் பலர் சொல்கிறார்கள். மூன்றும் அழகாக அமையக்கூடியவை, காற்சட்டைக் காலின் அடிவாய் அகலம் அதற்கு ஒத்துவந்தால். தட்டையாக வைத்து அளக்கும்போது அடிவாய் 6½ அங்குலமே இருந்தால், அது சப்பாத்தின் மேல் இறங்காது. எவ்வளவு நீளம் விட்டாலும் கணுக்காலைச் சுற்றி வளையம் வளையமாகச் சேர்ந்துவிடும். அந்த வெட்டுக்குக் குறைந்த நீளமே பொருந்தும். 8½ அங்குல அகலமுள்ளதைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தினால், அது காலைவிட்டு விலகி நின்று ஆளைக் குள்ளமாகக் காட்டும். இந்தப் பொருத்தத்தை எடுத்துச் சொல்வது தையற்காரரின் கடமை. அதைக் கேட்ட பிறகும் ஒருவர் தமது விருப்பத்தையே சொன்னால் அப்படியே தைத்துக் கொடுப்பதும் அவரது கடமை என்று நான் நினைக்கிறேன்.

தந்தைக்கும் மகனுக்கும் என் மேசைக்கு முன்னாலேயே வாக்குவாதம் நடப்பதுண்டு. கணுக்கால் தெரிவதை மரியாதைக் குறைவாக எண்ணும் பெரியவர்களிற் சிலர், 1970களில் நிலத்தைக் கூட்டும் பெல்பொட்டம் அணிந்து தங்கள் பெரியவர்களிடம் ஏச்சு வாங்கியவர்கள். அந்தக் காலத்தை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டினால் பெரும்பாலும் மனம் இளகிவிடும்.

மலையகத்தின் நிலமும் மழையும் இதிலே பேசவேண்டிய தனி விடயம். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கும் பாதைக்கும் இடையே படிகளில் ஏறி இறங்குகிறவர்கள் நாம். முழங்கால் மடியும்போது துணி மேலே இழுபடும். கண்ணாடிக்கு முன் கணுக்காலில் நின்ற விளிம்பு, ஏற்றத்தில் இரண்டு அங்குலமாவது உயர்ந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரையுள்ள தென்மேல் பருவமழைக் காலத்தில், ஹட்டன், வட்டவளைப் பக்கங்களில் குதிகாலுக்குக் கீழே தொங்கும் பருத்தித் துணி, விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். தடித்த டெனிம் மறுநாளும் காயாது. அப்படியே நடந்தால் பின்விளிம்பு மிதிபட்டு நைந்துபோகும். நீளமாகவே வேண்டும் என்பவர்களுக்கு, பின்விளிம்பின் உட்புறம் உறுதியான நாடா ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். தேய்மானத்தை அது பெருமளவு தாங்கும். பண்டாரவளைப் பக்கத்தில் அந்த மாதங்கள் ஒப்பீட்டளவில் வறண்டவை என்பதால், அங்கிருந்து வருகிறவர்களிடம் இதை அவ்வளவு வற்புறுத்துவதில்லை.

புதிய பருத்திக் காற்சட்டையை வெட்டக் கொடுப்பதற்கு முன்னர், வழக்கமாக வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படியே ஒரு முறையாவது துவைத்துக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். ஆலையிலேயே முன்கூட்டிச் சுருங்கவைக்கப்பட்ட துணியும் நூற்றுக்கு மூன்று வரை சுருங்கக்கூடும். 30 அங்குலத்தில் அது ஏறத்தாழ ஓர் அங்குலம். எந்தச் சப்பாத்துடன் அல்லது செருப்புடன் அணியப்போகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு வாருங்கள். இடுப்பில் எந்த இடத்தில் கட்டுவீர்களோ அங்கேயே கட்டி, குனிந்து பார்க்காமல் நேராக நில்லுங்கள். குனிந்தால் பின்விளிம்பு உயர்ந்து அளவு பிழைத்துவிடும். இரண்டு காலையும் தனித்தனியே அளக்கும்படி கேளுங்கள், ஏனெனில் சிலருக்கு அரை அங்குலம் வரை வித்தியாசம் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு அங்குலமாவது உள்மடிப்பாக விடச் சொல்லுங்கள். டெனிமில் பிறகு பிரித்தால் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும் என்றாலும், அந்தப் பிள்ளை இன்னும் ஓராண்டு அதை அணியலாம்.

இப்போதெல்லாம் நான் உடனே வெட்டுவதில்லை. விளிம்பை மடித்துக் குண்டூசி குத்திவிட்டு, கடைக்கு வெளியே உள்ள ஒன்பது படிகளில் ஒரு தடவை ஏறி இறங்கி, வாங்கில் அமர்ந்து எழும்பச் சொல்கிறேன். திரும்பி வந்ததும் தந்தையையோ மனைவியையோ பார்க்காமல் அணிந்திருப்பவரைப் பார்த்து, "இது போதுமா தம்பி, இன்னும் கொஞ்சம் இறக்கவா?" என்று கேட்கிறேன். அவர் பதில் சொன்ன பிறகுதான் சோக்குக்கட்டியால் கோடு போடுகிறேன்.