நுரையீரல் மாற்றுக்குப் பின்: நலமாக இருக்கும்போது எதற்குப் பரிசோதனை?

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டைக் கடந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கவில்லையே டாக்டர், இன்னும் எதற்கு இந்த ரத்தப் பரிசோதனை?" என்பதுதான். ஆக்சிஜன் சிலிண்டரைவிட்டு நகர முடியாமல் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் நாள்பட்ட நிராகரிப்பு, அதாவது மாற்று நுரையீரலை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே மெல்ல மெல்லச் சேதப்படுத்துவது, மூச்சுத் திணறல் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடக்கூடும்.

மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளுக்குள் இந்நிலை வருகிறது. சிறுநீரகத்தைப் போலவோ கல்லீரலைப் போலவோ அன்றி, நுரையீரல் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றைச் சந்திக்கிறது. சளிக்காய்ச்சல் வைரஸ், பூஞ்சை, இரைப்பையிலிருந்து மேலேறிக் கசியும் அமிலம் என எது உள்ளே வந்தாலும், மருந்தால் அடக்கி வைத்த நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சிறிய மூச்சுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்குகின்றன. சிலருக்கு நுரையீரலே இறுகிப்போகிறது, அது இன்னும் கடுமையானது. இரண்டிலும் ஏறிய தழும்பை நீக்க மருந்து இல்லை.

இங்கேதான் ரத்தத்தில் தெரியும் அடையாளம் உதவுகிறது. நம் செல்களின் மேற்பரப்பில் 'இது நம்முடையது' என்று காட்டும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் உள்ளன. கொடையாளரின் எச்.எல்.ஏ. வேறாக இருப்பதால், பெறுபவரின் உடல் அதற்கெதிராக ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) உருவாக்கலாம். அறுவைக்குப் பின் புதிதாகத் தோன்றுபவை பெரும்பாலும் எச்.எல்.ஏ.வில் டி.க்யூ. என்ற வகைப் புரதங்களுக்கு எதிரானவை. இவை தோன்றியவர்களுக்கு நாள்பட்ட நிராகரிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது.

என்னிடம் தொடர்ந்து வரும் ஒரு பெண்மணிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளேன். பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகோனசோல் எடுத்துக்கொண்டிருந்தார். நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் என்ற மருந்து கல்லீரலில் சிதைவதை அது தடுப்பதால், டாக்ரோலிமஸை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருந்தோம். ஊரில் ஒரு மருத்துவர், தொற்று சரியாகிவிட்டது என்று வோரிகோனசோலை நிறுத்தினார்; எங்களுக்குத் தகவல் வரவில்லை. குறைத்த டாக்ரோலிமஸ் குறைந்தபடியே இருக்க, ரத்தத்தில் அதன் அளவு சரிந்தது. ஆறு வாரம் கழித்து வழக்கமான பரிசோதனைக்கு வந்தபோது கொடையாளருக்கு எதிரான ஆன்டிபாடி தெரிந்தது. அவருக்கோ எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்று 2.5 லிட்டரிலிருந்து 2.3 லிட்டராகத்தான் குறைந்திருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தால் யாரும் பதறியிருக்க மாட்டார்கள். மருந்தளவைச் சரிசெய்து, ஆன்டிபாடியைக் குறைக்கும் சிகிச்சையும் தந்தோம்.

ஆன்டிபாடி தெரிந்தாலே நுரையீரல் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். சிலருக்கு அது தானாகவே மறைகிறது. சிலருக்கு ஆன்டிபாடி இல்லாமலேயே நிராகரிப்பு வருகிறது. சிகிச்சையும் எல்லோருக்கும் ஒரேபோல் பலன் தருவதில்லை. ஆகவே ரத்தத்தின் முடிவையும் ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரியையும் சேர்த்தே படிக்கிறோம். ஒரு விநாடியில் ஊதும் காற்று, அறுவைக்குப் பின் கிடைத்த மிகச்சிறந்த இரு அளவுகளின் சராசரியிலிருந்து 20 சதவீதம் குறைந்து, வேறு காரணம் எதுவுமின்றி அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட செயலிழப்பு என்கிறோம். ஆனால் 20 வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக் கருவியில் 10 சதவீதம் குறைந்தாலே தொலைபேசியில் அழையுங்கள்.

இன்னொன்று: டாக்ரோலிமஸ் பரிசோதனைக்கு வரும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையை விழுங்குங்கள். முன்பே விழுங்கினால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி நாங்கள் மருந்தைக் குறைத்துவிடும் அபாயம் உண்டு. ஆன்டிபாடி பரிசோதனையை முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்யுங்கள், ஏனெனில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் வேறுபடும்.

அந்தப் பெண்மணி இப்போது தினமும் காலையில் ஊதிய அளவை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். அதே நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் எண்ணும், எங்களைக் கேட்காமல் எந்த மருந்தையும் சேர்க்கவோ நிறுத்தவோ வேண்டாம் என்ற குறிப்பும் இருக்கின்றன. ஊர் மருத்துவரிடம் போகும்போது அதைத்தான் முதலில் காட்டுகிறார்.